சரணாலயத்திலிருந்து நாலு கிலோமீட்டர்: எந்த அனுமதி, யாரிடம், எதற்குப் பிறகு எது

கேள்வி இதுதான்: "வன உயிரினச் சரணாலயத்திலிருந்து ஏறக்குறைய 4 கி.மீ. தள்ளி எங்களுக்குப் பட்டா நிலம் இருக்கிறது. காப்புக்காடு கிடையாது. அங்கே கல்குவாரி போடலாம் அல்லது தங்கும் விடுதி கட்டலாம் என்று யோசனை. மாவட்ட வன அலுவலர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதுமா, டில்லி வரை போக வேண்டியிருக்குமா?"

மாவட்ட வன அலுவலரின் (டி.எஃப்.ஓ.) கடிதம் மட்டும் போதாது. டில்லி வரை, அதாவது மத்திய அரசின் அமைப்புகள் வரை, போக வேண்டுமா என்பதை உங்கள் நிலம் தீர்மானிப்பதில்லை, நீங்கள் தொடங்கும் தொழில் தீர்மானிக்கிறது. அதே 4 கி.மீ. தூரத்தில், அதே பட்டாவில், சிறிய விடுதிக்குப் பெரும்பாலும் டில்லி வேண்டாம். கல்குவாரிக்குப் பெரும்பாலும் வேண்டும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் மீதி தானாகப் புரியும்.

முதலில் தூரத்தைச் சரியாக அளந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் கெடுகிற கோப்புகளில் பல, அளவிலேயே கெட்டுப்போனவை. சரணாலயப் பலகை நிற்கிற சோதனைச்சாவடியிலிருந்தோ, சாலை வழியாகவோ அளக்கக் கூடாது. அரசாணையில் அறிவிக்கப்பட்ட எல்லைக்கோட்டின் மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து, உங்கள் நிலத்தின் மிக அருகிலுள்ள மூலைவரை, நேர்கோட்டில் வான்வழித் தூரம். சாலையில் 9 கி.மீ. வருகிற இடம் வான்வழியில் 3 கி.மீ. ஆக இருப்பது மலையோர ஊர்களில் சாதாரணம். புலப்படம், 'அ' பதிவேடு, கிராம வரைபடம் மூன்றையும் வைத்து நிலத்தின் மூலைகளை டி.ஜி.பி.எஸ். என்ற துல்லிய அளவைக் கருவியால் குறித்து கே.எம்.எல். என்ற வரைபடக் கோப்பாக்குங்கள். கைபேசி ஜி.பி.எஸ். பல மீட்டர் தப்பும், சுரங்கம், குவாரிக்கான 1 கி.மீ. தடைக்கோட்டை ஒட்டி நிலம் இருந்தால் அந்தச் சில மீட்டரே வழக்காகும்.

எல்லை என்றால் காடு தெரிய வேண்டும் என்பதும் இல்லை. வேடந்தாங்கல் ஏரி 30 ஹெக்டேர் அளவுதான். ஆனால் 1998இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. ஆரத்துக்கு விரிகிறது, வயல், வீடு, பட்டா நிலம் எல்லாம் அதற்குள் வருகிறது. 2020இல் அந்த வெளிவளையத்தைக் குறைக்க ஒரு முன்மொழிவு கிளம்பியபோதுதான் தங்கள் நிலம் சரணாலயத்துக்குள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. தூத்துக்குடிக் கரையில் நின்றால் காடு எதுவும் கண்ணில் படாது. ஆனால் எதிரே இருக்கும் வான் தீவு, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. அங்கே தூரத்தைத் தீவிலிருந்து அளக்க வேண்டும்.

அதைவிட அடிக்கடி மறக்கப்படுவது பக்கத்து மாநிலம். சரணாலயத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டிய 10 கி.மீ. வட்டம் (அந்தக் கணக்கு கீழே வருகிறது) மாநில எல்லையில் நிற்காது. தேனி, கோவை, நீலகிரி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கேரளத்தையும் வரைபடத்தில் சேர்த்துத்தான் தேட வேண்டும். இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது; கீழே வருகிறேன்.

அளந்தாயிற்று என்றால் அடுத்தது சட்டம். இங்கே நான்கு தனித்தனி அனுமதிகள் உண்டு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி வாங்குவது சுற்றுச்சூழல் அனுமதி, அலுவலகங்களில் ஈ.சி. என்பது அதுதான். நிலம் வனமாக இருந்தால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வன அனுமதி. இந்தச் சட்டத்துக்கு 2023 திருத்தத்தில் இந்திப் பெயர் வைத்துவிட்டார்கள், வேலை பழையதுதான். வன உயிரினம் சார்ந்த அனுமதி 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் உச்ச நீதிமன்ற ஆணைகளிலும் இருந்து வருகிறது. இவை போக மாநில, மாவட்ட அளவில் கட்டட அனுமதி, மலைப்பகுதி அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. "ஈ.சி. வந்துவிட்டது, இனி என்ன" என்று பூமி பூஜை போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இனி 10 கி.மீ. கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். சட்டப்பிரிவில் தேடினால் கிடைக்காது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் எல்லையிலிருந்து 10 கி.மீ. வரை சூழல் உணர்திறன் மண்டலமாக, அதாவது தொழில்களுக்குக் கட்டுப்பாடுள்ள வெளிவளையமாக, அறிவிக்கலாம் என்ற யோசனை 2002 ஜனவரியில் வன உயிரினப் பாதுகாப்பு உத்தியில் வந்தது. மாநிலங்கள் பட்டியல் அனுப்பாமல் இழுத்தன. கோவா அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், 10 கி.மீ.க்குள் வரும், சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டங்களைத் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றது. 2011இல் மண்டலத்தை எப்படி வரைவது என்று வழிகாட்டுதல் வந்தது. 2022 ஜூன் 3 அன்று கோதவர்மன் வழக்கில் எல்லா இடத்திலும் குறைந்தது 1 கி.மீ. மண்டலம் கட்டாயம் என்று உத்தரவாகி, மலையோர மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2023 ஏப்ரல் 26 அன்று அது தளர்த்தப்பட்டது: வரைவு அல்லது இறுதி அறிவிக்கை வெளிவந்த இடங்களுக்கு அந்த ஒரே அளவு 1 கி.மீ. பொருந்தாது. சுரங்கத் தடை மட்டும் அப்படியே நின்றது. தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரையும் சுரங்கம் கூடாது.

ஒரு துணைத் தகவல். அந்தக் கோதவர்மன் வழக்கு 1995இல் கூடலூர் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்துத் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் வன நிலம் பற்றிய பேச்சில் அடிபடும் பெயர் நீலகிரியிலிருந்து போனது. 2022 தீர்ப்பே, கிண்டி தேசியப் பூங்காவையும் மும்பையின் சஞ்சய் காந்தி பூங்காவையும் பெருநகரத்துக்குள் மாட்டிக்கொண்ட தனி ரகமாகக் குறிப்பிட்டது. 2.7 சதுர கி.மீ. கிண்டிப் பூங்காவைச் சுற்றி 10 கி.மீ. வட்டம் போட்டால் சென்னையின் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும் அல்லவா.

இப்போது நடைமுறையில் இருக்கும் கணக்குக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2019 ஆகஸ்ட் 8 அலுவலகக் குறிப்பாணை அடிப்படை. உங்கள் பக்கத்துச் சரணாலயத்துக்கு மண்டலத்தின் இறுதி அறிவிக்கை வந்துவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி. வந்துவிட்டது, நிலம் மண்டலத்துக்கு உள்ளே இருக்கிறது, திட்டத்துக்கு ஈ.சி. தேவை என்றால் நிலைக்குழுவின் பரிந்துரை வேண்டும். வந்துவிட்டது, நிலம் மண்டலத்துக்கு வெளியே, ஆனால் 10 கி.மீ.க்குள் என்றால் நிலைக்குழுவுக்குப் போக வேண்டாம், ஈ.சி. தரும் நிபுணர் குழுவே வன உயிரினப் பாதுகாப்பு நிபந்தனைகளைப் போடும். இறுதி அறிவிக்கை வரவில்லை, வரைவு மட்டும் இருக்கிறது அல்லது அதுவும் இல்லை என்றால், 10 கி.மீ.க்குள் ஈ.சி. தேவைப்படும் எந்தத் திட்டமும் நிலைக்குழுவைத் தாண்டியே ஆக வேண்டும். வரைவில் 1 கி.மீ. என்று போட்டிருக்கிறதே, நம் நிலம் நாலாவது கிலோமீட்டர் அல்லவா என்று வாதிடாதீர்கள். வரைவு செல்லாது. வரைவுகள் காலக்கெடு தாண்டிக் காலாவதியாகி மறுபடி வெளியிடப்படுவதும் உண்டு. மின் அரசிதழ்த் தளத்தில் இறுதி அறிவிக்கையை எண்ணோடு எடுத்து, இணைப்பிலிருக்கும் கிராமப் பட்டியலையும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளையும் வைத்துப் பாருங்கள். மண்டலத்தின் அகலம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்காது. கிழக்கே அரை கிலோமீட்டர், மேற்கே நாலு கிலோமீட்டர் என்றும் இருக்கும். செய்தித்தாளில் வந்த ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம்.

ஈ.சி. தேவையா என்பதுதான் மடை திரும்பும் இடம் என்று இப்போது தெரியும். விடுதி, கட்டடம் என்றால் கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் அது 2006 அறிவிக்கையின் பட்டியலுக்குள் வரும். பத்து அறை, இருபது அறை விடுதி அதன் பக்கத்தில்கூட வராது. ஆகவே டில்லி இல்லை. கல்குவாரி வேறு கதை. 2012இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில், சிறுகனிமக் குத்தகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஒரு ஹெக்டேர் குவாரிக்கும் ஈ.சி. உண்டு; இறுதி அறிவிக்கை வராத சரணாலயத்துக்கு 10 கி.மீ.க்குள் என்றால் நிலைக்குழுவும் உண்டு.

இதில் இன்னொரு எண் சேர்ந்து குழப்பும். 2006 அறிவிக்கையின் பொது நிபந்தனை பொருந்தும் இனங்களில், மாநில அளவில் முடிய வேண்டிய 'பி' பிரிவுத் திட்டம் பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருந்தால் 'ஏ' பிரிவாகி மத்திய அமைச்சகத்துக்குப் போய்விடும். முதலில் 10 கி.மீ. என்று இருந்ததை 2014இல் 5 ஆக்கினார்கள். 5 கி.மீ. எண், ஈ.சி.யை யார் தருவது என்பதைச் சொல்கிறது. 10 கி.மீ. எண், வன உயிரின வாரியம் பார்க்க வேண்டுமா என்பதைச் சொல்கிறது. இரண்டும் வேறு. 7 கி.மீ. தூரத்தில் இருப்பவர் ஈ.சி. தரும் மாநில ஆணையத்திலேயே அதை வாங்கினாலும், இறுதி அறிவிக்கை இல்லாவிட்டால் நிலைக்குழுவுக்கும் போக வேண்டியவர். உங்கள் 4 கி.மீ. இரண்டு வட்டத்துக்கும் உள்ளே இருக்கிறது.

குவாரிக்காரர்கள் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு: 12 ஹெக்டேரை நாலு பேர் பெயரில் மூன்று மூன்றாக வெட்டி, தனித்தனியாக விண்ணப்பிப்பது. 2016 ஜனவரி திருத்தத்துக்குப் பிறகு அது எடுபடாது. ஒரு குத்தகையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் குத்தகைகளைத் தொகுப்பாகச் சேர்த்துப் பார்ப்பார்கள்; கூட்டுப்பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு ஆய்வறிக்கை, பொதுமக்கள் கருத்துக் கேட்பு எல்லாம் வரும். கனிமவளத் துறையின் உதவி இயக்குநர் தருகிற 500 மீட்டர் சுற்றளவுக் கடிதத்தில் பக்கத்துக் குவாரி விட்டுப்போயிருந்தால், அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரே போதும். செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைக் குழி தெரியும்.

தமிழ்நாட்டில் மாநில விதியும் இருக்கிறது. 2021 நவம்பரில் சிறுகனிமச் சலுகை விதிகளைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் குவாரி, கிரஷர் எதுவும் கூடாது என்றார்கள். 2022 டிசம்பரில் காப்புக்காட்டை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்றவை அப்படியே. 1 கி.மீ. தாண்டிவிட்டோம் என்பதால் தப்பிவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். சூழல் உணர்திறன் மண்டல அறிவிக்கைகளின் தடைப் பட்டியலில் முதல் வரியே வணிகச் சுரங்கம், கல்குவாரி, கிரஷர்தான். மண்டலம் 3 கி.மீ. அகலம் என்றால் தடையும் 3 கி.மீ.தான். விலக்கு, உள்ளூர்வாசி தன் வீட்டுக்கு மண் தோண்டுவதற்கு மட்டும். நிலைக்குழு மனது வைத்தாலும் அறிவிக்கை தடை செய்ததைத் தர முடியாது.

விடுதிப் பக்கம் திரும்பினால், டில்லி வேண்டாம் என்பதை "ஒன்றுமே வேண்டாம்" என்று படித்துவிடக் கூடாது. மண்டல அறிவிக்கைகளில் செயல்கள் மூன்றாகப் பிரிந்திருக்கும்: தடை செய்தவை, ஒழுங்குபடுத்தியவை, ஊக்குவிப்பவை. புதிய வணிக விடுதி எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை, அல்லது மண்டலம் அதற்குள் முடிந்தால் அதுவரை, கூடாது; சூழல் சுற்றுலாவுக்கான சிறு தற்காலிக அமைப்பு மட்டும் விலக்கு. 1 கி.மீ.க்கு அப்பால் சுற்றுலாப் பெருந்திட்டத்துக்கு உட்பட்டு வரலாம். மரம் வெட்டுவது, நிலத்தடி நீர் எடுப்பது, வேலி போடுவது, சாலையை அகலப்படுத்துவது, இரவுப் போக்குவரத்து எல்லாம் ஒழுங்குபடுத்திய பட்டியலில் இருக்கும்.

மலைப்பகுதியாக இருந்தால், உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். 1990 முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு அது. பட்டியலில் இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமவளத் துறை மூன்றின் கருத்தும் இல்லாமல் கட்டட அனுமதி நகராது. பிறகு 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் நிலம் தனியார் காடாக அறிவிக்கப்பட்டிருந்தால், ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ முடியாது. வில்லங்கச் சான்றில் இது தெரியாது. நிலம் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது. மாவட்ட அரசிதழையும் டி.எஃப்.ஓ. அலுவலகப் பதிவேட்டையும் பார்த்தால்தான் தெரியும்.

யானை வழித்தடம் என்றால் பட்டாவும் காப்பாற்றாது. நீலகிரியின் சீகூர் பீடபூமியில் 2010இல் மாநில அரசு வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்து, தனி வழக்குகளைக் கேட்க ஒரு குழுவை அமைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2018இல், அங்கே விடுதிகளுக்குச் சீல் வைக்கும் வேலை தொடங்கிவிட்டது. அவற்றில் பல, வீடு கட்ட அனுமதி வாங்கி விடுதி நடத்தியவை. "ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்டார்" என்பது எந்தக் கட்டத்திலும் வாதமாக எடுபடவில்லை. வேலிக்கும் விதி வந்துவிட்டது: 2023 மின்வேலி விதிகளின்படி காட்டை ஒட்டிய பகுதியில் சூரிய மின்வேலி போட்டாலும் பதிவும் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

பக்கத்து மாநில உதாரணம் சொல்கிறேன் என்றேன். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம். ஏறக்குறைய 2 கி.மீ. சுரங்கப்பாதை, 50,000 டன் அளவுக்கு இரும்பு உணர்கருவி. 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மலைக்கு அந்தப்பக்கம், இடுக்கியில், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா. 13 சதுர கி.மீ.கூட இல்லாத சின்னப் பூங்கா. தூரம் 4.9 கி.மீ. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு மேல்முறையீடு செய்ய, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 5 கி.மீ.க்குள் தேசியப் பூங்கா இருப்பதால் மதிப்பீடு மேல்மட்டத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஆய்வறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பதும் வழக்கில் எழுந்தது; தயாரித்தது ஆனைகட்டியில் இருக்கும் சலீம் அலி பறவையியல் மையம், துறையில் மதிப்பான நிறுவனம். தகுதி வேறு, அங்கீகாரம் வேறு. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் சிறப்பு நேர்வாக எடுத்துப் புதிய அனுமதி தந்தது. அந்த நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் வன உயிரின வாரியத்தின் அனுமதி வராமல் வேலை தொடங்கக் கூடாது என்றது. அதற்கான விண்ணப்பம் 2021இல்தான் போனது. அதற்குள் அதே ஆண்டு பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டானையும் பெரியாற்றையும் இணைக்கும் புலி வழித்தடம் அது என்று உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தப் பத்து வருடம். தொடக்கத்திலேயே ஈ.சி.யும் வன உயிரின விண்ணப்பமும் ஒன்றாகப் போயிருந்தால் ஆமோ இல்லையோ, பதில் சீக்கிரம் தெரிந்திருக்கும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்றதில் சுற்றுப்புறத்தின் சட்ட நிலையே மாறிப்போனது.

ஆகவே விண்ணப்பத்தைப் பற்றி. ஈ.சி., வன அனுமதி, வன உயிரின அனுமதி மூன்றுக்கும் நுழைவு மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம்தான். 2018 ஆகஸ்டில் தொடங்கியது. வன உயிரின அனுமதிப் படிவத்துக்கு ஐந்து பகுதிகள். முதல் பகுதி மட்டும் உங்களுடையது. இரண்டாவதை டி.எஃப்.ஓ. அல்லது வன உயிரினக் காப்பாளர் நேரில் பார்த்து எழுத வேண்டும். மூன்றாவது அவருக்கு மேலுள்ள வனப் பாதுகாவலர், நாலாவது தலைமை வன உயிரினக் காப்பாளர், ஐந்தாவது மாநில அரசு. நடுவில் மாநில வன உயிரின வாரியத்தின் பரிந்துரை வேண்டும். அதற்குத் தலைவர் முதலமைச்சர். நினைத்த வாரம் கூடாது. கோப்பு நீண்ட நாள் தூங்குகிற இடம் பெரும்பாலும் அதுதான், டில்லி அல்ல. அதன்பிறகு மத்திய அமைச்சகத்தின் வன உயிரினப் பிரிவு, கடைசியில் நிலைக்குழு. தேசிய வாரியத்துக்குப் பிரதமர் தலைவர் என்றாலும் திட்டங்களைப் பார்ப்பது சுற்றுச்சூழல் அமைச்சர் தலைமையிலான நிலைக்குழுதான். புலிகள் காப்பகமோ காப்பகங்களை இணைக்கும் பகுதியோ சம்பந்தப்பட்டால் 1972 சட்டத்தின் 38ஓ பிரிவின்படி தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் கருத்தும் வேண்டும். 4 கி.மீ. என்று நீங்கள் அளந்தது சரணாலயத்திலிருந்து. புலிகள் காப்பகத்தின் வெளிவட்டம் உங்கள் வேலியிலேயே தொடங்கலாம். அதையும் பாருங்கள்.

முதல் பகுதியில் திருப்பி அனுப்பப்படுவதற்கான காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானவை. கே.எம்.எல். கோப்பில் இருக்கும் பரப்பும் படிவத்தில் எழுதிய பரப்பும் ஒத்துப்போகாது. வரைபடத்தில் தலைமை வன உயிரினக் காப்பாளர் தரப்பின் மேலொப்பம் இருக்காது. மாற்று இடம் பற்றிய பத்தியில் "வேறு பொருத்தமான இடம் இல்லை" என்று ஒரே வரி இருக்கும். குறைந்தது இரண்டு மாற்று இடங்களை, தூரம், மரம், செலவு, விலங்கு நடமாட்டம் என்று எண்களோடு ஒப்பிட்டு எழுதினால்தான் அந்தப் பத்திக்கு மதிப்பு. வெட்டியெடுத்த பாறை, மண் எங்கே கொட்டப்படும், வெடி வைக்கும் நேரம் என்ன, லாரி எந்தச் சாலையில் எத்தனை நடை போகும், அந்தச் சாலை காட்டை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதெல்லாம் கேட்கப்படும். குவாரி 4 கி.மீ. தள்ளி இருந்தும் லாரி வழி சரணாலய ஓரமாகப் போவதாலேயே நிபந்தனை கடுமையாவது உண்டு.

சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையின் வன உயிரின அத்தியாயத்தைக் கையெழுத்துப் போடும் முன் நீங்களே படியுங்கள். வேறு மாவட்ட அறிக்கையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுவது இந்தத் தொழிலின் பழைய நோய். சோதிக்க எளிய வழி மயில். மயில், 1972 சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. தமிழ்நாட்டில் பெரும்பாலான கிராமங்களில் இருக்கிறது. 10 கி.மீ. சுற்றளவு ஆய்வில் "முதல் அட்டவணை உயிரினம் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தால், ஆய்வாளர் களத்துக்கே வரவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அதைச் சொன்னால் மொத்த அறிக்கைமேலும் சந்தேகம் விழும். முதல் அட்டவணை உயிரினம் இருப்பதாலேயே திட்டம் நின்றுவிடாது. அதற்கான பாதுகாப்புத் திட்டத்தை நிதி ஒதுக்கீட்டோடு தயாரித்து வனத்துறையின் ஒப்புதல் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மறைப்பதுதான் ஆபத்து.

உங்கள் நிலத்துக்குப் பொருந்தாது என்றாலும், அணுகுசாலையோ மின்கம்பியோ சரணாலயத்துக்குள்ளோ காப்புக்காட்டிலோ கொஞ்சம் நுழைய வேண்டியிருந்தால் கணக்கே மாறும். சரணாலயத்துக்குள் என்றால் 1972 சட்டத்தின் 29ஆவது பிரிவு. வன உயிரினங்களின் மேம்பாட்டுக்கும் நிர்வாகத்துக்கும் அவசியம் என்று அரசுக்குத் தோன்றினால் மட்டுமே தலைமைக் காப்பாளர் அனுமதிக்கலாம் என்கிறது அது. தனியார் குவாரிக்குச் சாலை எந்த வகையில் வன உயிரின மேம்பாடு? காப்புக்காடு என்றால் முதல்நிலை, இறுதிநிலை என இரண்டு கட்ட வன அனுமதி, ஈட்டுக் காடு வளர்ப்பு, இழக்கும் காட்டின் மதிப்புக்காகக் கட்டுகிற நிகர நிகழ்கால மதிப்புத் தொகை. 2008 உச்ச நீதிமன்ற ஆணைப்படி அந்தத் தொகை சரணாலயத்தில் 5 மடங்கு, தேசியப் பூங்காவில் 10 மடங்கு. அரசுச் சாலைகளே இதில் படாதபாடு படுகின்றன. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44இல், வழக்குகளுக்குப் பிறகு, விலங்குகள் அடியில் கடக்க 50 மீட்டரிலிருந்து 750 மீட்டர் வரை ஒன்பது கட்டுமானங்களை அமைத்த பிறகே சாலை விரிந்தது. புலி அந்தப் பாலங்களுக்கு அடியில் நடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. செலவு பெரியது, ஆனால் அது பலன் தந்த செலவு. பெயரளவுக்கு வைக்கிற "விலங்குகள் கடக்கும் பகுதி" பலகையையும் அதையும் ஒன்றாகப் பேச முடியாது.

அனுமதி வந்தபிறகு, நிபந்தனைத் தாளைப் படிக்காமல் கோப்பில் சொருகி வைப்பது அடுத்த தவறு. மாலை 6 மணிமுதல் காலை 6 மணிவரை வேலை கூடாது, வேலிக்கு முள்கம்பி கூடாது, விளக்கு வானத்தைப் பார்க்கக் கூடாது என்று சின்னச் சின்னதாக இருக்கும். ஈ.சி. பெற்றவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், இணக்க அறிக்கை தர வேண்டும். புகார் வந்தால் அதிகாரிகள் முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான்.

திட்டத்தை எதிர்க்கிறவர்கள் எங்கே போவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் அந்தப் பக்கம் நிற்பவர்களும் இருக்கலாம். ஈ.சி.யையும் வன அனுமதியையும் எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்கு 30 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. நிலைக்குழுவின் பரிந்துரையை எதிர்க்க வேண்டுமென்றால் தீர்ப்பாயம் சரியான இடமல்ல. 2010 தீர்ப்பாயச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏழு சட்டங்கள் இருக்கின்றன. 1972 வன உயிரினச் சட்டம் அதில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. அங்கே 90 நாள் கணக்கு கிடையாது. 90 நாள் கழிந்ததும் ஆபத்து நீங்கியது என்று வங்கிக் கடன் வாங்கி இயந்திரம் இறக்குகிறவர்கள் இதை வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.